துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு

தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரியில் இருந்த தம்பிக்கு வாட்டில் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று விட்ட அன்று, வெள்ளவத்தைக்கு வரும் வழியில் த்ரீவீலை நிறுத்தி இருபது இடியப்பமும் சொதியும் வாங்கினேன். ஆறு நாள் வாட்டு வாசலில் நின்ற களைப்பு. பரீட்சை எழுதி முடித்துவிட்டு வெளியே வந்த மாதிரி ஒரு ஆறுதல். கையில் டயக்னோசிஸ் கார்ட், சின்னப் பையில் மாத்திரை, நான்கு கிழமை கழித்து கிளினிக்குக்கு வரச்சொல்லி ஒரு திகதி. இனி ஓய்வெடுத்தால் போதும், நல்லாகிவிடுவான் என்று நினைத்துக்கொண்டு தேங்காய்ச் சம்பலும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். அந்த நான்கு கிழமைதான் முழுக் கதையிலும் ஆபத்தான பகுதி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. யாரைக் கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

இது 2023இல் நடந்தது. தம்பிக்கு அப்போது 27 வயது. அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்து மூன்று இடத்தில் கோடு போட்டான், அந்த மூன்றும் இதில் இல்லை. என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்பதும் இருக்காது, அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. இதை வாசிக்கிற நீங்களே இப்போது அந்த நிலையில் இருந்தால், மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம், முதலில் 1926க்கு எடுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. 24 மணிநேரமும் இருக்கிறார்கள், தமிழிலும் பேசலாம். 1333 என்று இன்னொரு இலவச இலக்கமும் இருக்கிறது.

எங்கள் வீட்டு நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில். நானும் தம்பியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு. நான் கொள்ளுப்பிட்டியில் கணக்குப் பிரிவில் வேலை. தம்பி வாகன உதிரிப்பாகம் இறக்குமதி செய்யும் ஒரு கொம்பனியில் இருந்தான். 2022இல் டொலர் இல்லாமல் நாடே நின்றபோது அந்த வேலையும் போய்விட்டது. எனக்குத் தெரியாமல் போனிலேயே கடன் கொடுக்கிற செயலிகளில் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று போயிருக்கிறான். அம்மா தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு அவனுக்குப் போன் எடுப்பா. "சாப்பிட்டியா, மழையா, குளிச்சனியா" என்று அதே மூன்று கேள்வி. அவன் கண்ணை உருட்டிக்கொண்டு பதில் சொல்லுவான். கடைசி இரண்டு கிழமை அந்தப் போனை அவன் எடுக்கவே இல்லை. அதைக் கண்டும் நான் பெரிதாக எடுக்கவில்லை. நல்லூர் திருவிழாவுக்கு எப்ப வருகிறாய் என்று அம்மா கேட்டுத் தொல்லை பண்ணுகிறா, அதுதான் எடுக்கிறான் இல்லை என்று நினைத்தேன்.

இப்போது என் பெரிய பிழைக்கு வருகிறேன். அனுமதித்த இரவு ஒரு இளம் டொக்டர் கேட்டார், இதற்கு முன்னால் இப்படி ஏதாவது செய்திருக்கிறாரா என்று. நான் "இல்லை" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது. உண்மை என்னவென்றால், 2017இல் கம்பஸ் இரண்டாம் வருடத்தில் அவன் ஒருமுறை முயன்றிருந்தான். வீட்டில் அதை டெங்கு என்று சொன்னோம். அந்த வருடம் நாடு முழுக்க டெங்கு, யாரும் சந்தேகப்படவில்லை. சனம் பப்பாசி இலைச் சாறு வடித்துக்கொண்டு வந்து தந்தது. அம்மா பிளேட்லெட் கணக்குக்கூடச் சொன்னா, "நேற்று 60, இண்டைக்கு 85" என்று, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். ஒரு மாதத்தில் எங்களுக்கே அது டெங்குதான் என்று ஆகிவிட்டது. தம்பியும் யாராவது கேட்டால் டெங்கு என்றுதான் சொல்லுவான். ஆறு வருடம் கழித்து, கேட்கவேண்டிய ஆளே கேட்டபோதும் டெங்கு என் தொண்டையில் நின்றது.

ஏன் மறைத்தேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். வெட்கம் பாதி. பயம் பாதி. பொலிஸ் கேஸ் ஆகும், வேலை கிடைக்காது, கல்யாணம் நடக்காது, இப்படி. ஆஸ்பத்திரி பொலிஸ் வந்து வாக்குமூலம் எடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது. உண்மையில் இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டப் பிரிவை 1998இலேயே நீக்கிவிட்டார்கள். இருபத்தைந்து வருடமாக இல்லாத ஒரு சட்டத்துக்குப் பயந்து நான் டொக்டரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு முன்பு ஒரு முயற்சி இருந்ததா என்பதுதான் இந்த விசயத்தில் டொக்டர்கள் எல்லாவற்றிலும் முக்கியமாகப் பார்க்கிற ஒன்று. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. நான் மறைத்தது அந்த ஒன்றைத்தான்.

அடுத்த பிழை மொழியால் வந்தது. வாட்டில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எல்லாம். தம்பிக்குக் கடையில், பஸ்ஸில் பேசுகிற சிங்களம் தெரியும், மனதைப் பேசுகிற சிங்களம் தெரியாது. துண்டு வெட்டுவதற்கு முன் ஒரு டொக்டர் வந்து, இன்னும் சாகவேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். எப்படி மொழிபெயர்த்தேன் தெரியுமா? "தம்பி, இப்ப அப்பிடி ஒரு யோசனையும் இல்லைதானே?" அவன் என் முகத்தைப் பார்த்து "இல்லை" என்றான். அக்கா அழுது வீங்கிய கண்ணோடு முன்னால் நிற்கும்போது வேறு என்ன சொல்லுவான்? தயவுசெய்து உங்கள் ஆளுக்கு நீங்களே மொழிபெயர்ப்பாளராக நிற்காதீர்கள். தமிழ் தெரிந்த டொக்டரோ தாதி மிஸ்ஸியோ உளநல சமூக சேவையாளரோ இருக்கிறார்களா என்று கேளுங்கள். இன்றைக்கு இல்லை என்றால் நாளைக்கு வருவார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் தனியாகக் கேட்கச் சொல்லி நீங்கள் வெளியே போங்கள். கொழும்பில் இது நடக்காத காரியம் இல்லை, கொஞ்சம் முகத்தைப் பாராமல் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் பொலிஸ்காரியாக மாறினேன். குளியலறைக் கொண்டியைக் கழற்றினேன். அவன் போனைப் பார்த்தேன். இரவில் மணிக்கு ஒருதரம் எழும்பிப் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். பகலில் அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். நடந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் ஞாபகம் வந்துவிடும் என்று. (ஞாபகம் வருமாம். மறந்திருந்தால்தானே வருவதற்கு.) விசயம் தெரிந்த இரண்டே உறவினர் மாமாவும் மாமியும். அவர்கள் தெஹிவளையிலிருந்து அப்பிளும் திராட்சையும் கொண்டுவந்து அவன் கட்டில் விளிம்பில் இருந்து, "அக்காவை நினைச்சுப் பாத்தியா? அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ உயிரோட இருப்பாவா?" என்றார்கள். அன்பில்தான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். தான் எல்லோருக்கும் பாரம் என்று நினைத்துத்தான் அவன் அந்த முடிவுக்குப் போனான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நாங்கள் மூன்று பேரும் அந்த எண்ணத்துக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

பதினேழாம் நாள் அவன் முகம் தெளிந்தது. தானாகச் சவரம் எடுத்தான். எனக்குத் தேநீர் போட்டுத் தந்தான். மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்து, பயந்து பயந்து சந்தோசப்பட்டேன். பதினெட்டாம் நாள் மேல்மாடிப் பையன் கிரிக்கெட் மட்டையோடு படி ஏறுவதைக் கண்டேன். கைப்பிடியில் சுற்றிய பச்சை டேப்பைக் கண்டதும் தெரிந்தது, தம்பியின் மட்டை. கம்பஸ் காலத்தில் இரண்டு மாதக் காசு சேர்த்து வாங்கியது, யாரையும் தொடவிடமாட்டான். "அண்ணா தந்தவர்" என்றான் பையன், பல்லெல்லாம் தெரிய. நான் சிரித்துவிட்டு உள்ளே வந்து குசினியில் நின்றேன். வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் தெளிவும் இந்த மட்டையும் ஒரே விசயம் என்று எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை, ஆனால் அந்த நிமிடம் விளங்கிவிட்டது.

அன்று இரவு கேட்டேன். கேட்பதற்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் பாத்திரம் கழுவினேன், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். கேட்டால் இல்லாத எண்ணத்தைப் போட்டுக்கொடுத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். அது பிழை. நேராகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை, ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு ஒரு மூச்சு விடுகிற இடம் கிடைக்கிறது. ஆய்வுகளிலும் அப்படித்தான் கண்டிருக்கிறார்கள். அன்று எனக்கு அது தெரியாது, வேறு வழி இல்லாமல் கேட்டேன். 

"தம்பி, உனக்குச் சாகவேணும் எண்டு இருக்கா?" 

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இருக்கு அக்கா" என்றான். 

"எப்ப?" 

"ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் கோயிலுக்குப் போவீங்கள்தானே."

நான் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று தெரியவில்லை. "சரி, அதுக்கு என்ன எடுத்து வச்சிருக்கிறாய், என்னட்டைத் தா" என்றேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போய் எடுத்துத் தந்தான். அதை அந்த நேரமே வீட்டை விட்டு வெளியேற்றினேன். பிறகு 1926க்கு எடுத்தேன். முதலில் சிங்களம், தமிழ் என்றதும் ஒரு பெண் பேசினா. அவ என்னிடம் கேட்டது மூன்று விசயம்: இப்போது அவருக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறதா, ஆபத்தான எதுவும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா, முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாரா. மூன்றாவதுக்கு நான் "ஓம், இரண்டு தரம்" என்றேன். அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு அவனே போனை வாங்கி இருபது நிமிடத்துக்கு மேல் பேசினான். விடியும்வரை தனியே விடாமல் இருங்கள், காலையில் கிளினிக் திகதி வரும்வரை பார்க்காமல் நேராகக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று என்னிடம் சொன்னா. இது முக்கியம். கிளினிக் கொப்பியில் எந்தத் திகதி இருந்தாலும், நிலைமை மாறினால் அதற்கு முன்பே போகலாம். திருப்பி அனுப்பப் பார்த்தாலும் "நேற்று இரவு சாகப்போகிறேன் என்று சொன்னார்" என்று அந்த வசனத்தை அப்படியே சொல்லுங்கள். "கொஞ்சம் சுகமில்லை" என்று நாங்கள் சொல்லுகிற வழக்கமான பேச்சுக்கு அங்கே இடம் கிடைக்காது.

இந்தமுறை தமிழ் பேசுகிற டொக்டர் ஒருவர் கிடைத்தார், அது அதிர்ஷ்டம்தான். அவர் என்னை வெளியே இருக்கச்சொல்லி அவனோடு ஒரு மணித்தியாலம் பேசினார். பிறகு என்னையும் கூப்பிட்டு, டெங்குக் கதையை முழுதாகச் சொல்லச் சொன்னார். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் 2017, வலப்பக்கம் 2023 என்று எழுதி, இரண்டு முயற்சிக்கும் முந்திய இரண்டு கிழமையில் என்னென்ன நடந்தது என்று கேட்டார். இடப்பக்கம்: பரீட்சை பெயில், வீட்டுக்குச் சொல்லவில்லை, விடிய மூன்று மணிவரை நித்திரை இல்லை, அம்மாவின் போனை எடுக்கவில்லை, கூட்டாளிமாரோடு குடி. வலப்பக்கம்: வேலை போனது, கடன், வீட்டுக்குச் சொல்லவில்லை, நித்திரை இல்லை, அம்மாவின் போனை எடுக்கவில்லை, தனியே குடி. எழுதி முடித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை, தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஆறு வருடம் நாங்கள் புதைத்து வைத்திருந்தது இதைத்தான். 2017ஐ யாராவது ஒழுங்காக எழுதி வைத்திருந்தால், 2023இல் அம்மா "ரெண்டு நாளா எடுக்கிறான் இல்லை" என்று சொன்ன அன்றே நான் விழித்திருப்பேன்.

முன்பு முயன்றவர்களுக்கு ஏன் ஆபத்து கூட என்று அவரிடம் கேட்டேன். பல காரணம் சொன்னார். முதலாவது, எந்தக் காரணத்தால் முயன்றார்களோ அது பெரும்பாலும் அப்படியே இருக்கும், கடன்காரன் ஆஸ்பத்திரிக்குப் பூ கொண்டுவருவதில்லை. இரண்டாவது, சாவைப் பற்றி இயல்பாக இருக்கிற பயம் ஒருமுறை தாண்டினவர்களுக்குக் குறைந்துவிடும், அடுத்தமுறை மனம் அந்தப் பக்கம் வேகமாகப் போகும். மூன்றாவது, நடந்ததற்கான வெட்கம் புதிதாகச் சேருகிறது. இதோடு மனச்சோர்வு, குடி, நித்திரையின்மை, தீராத நோ, குடும்பத்தில் முன்பு யாராவது அப்படிப் போயிருப்பது, தனிமை, ஒன்றும் மாறப்போவதில்லை என்ற நம்பிக்கையீனம் இவையெல்லாம் கூடக்கூட ஆபத்தும் கூடும். காலம் என்று பார்த்தால், வாட்டை விட்டு வந்த முதல் கிழமைகளும் முதல் மூன்று மாதமும் கவனிக்கவேண்டியவை. மாத்திரை மனதைத் தூக்க இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கலாம், சிலருக்கு மனம் தெளிவதற்கு முன் உடம்பில் தெம்பு வந்துவிடும், அந்த இடைவெளியைப் பார்த்திருக்கவேண்டும் என்றார். மாத்திரை பிடிக்கவில்லை என்றாலும் தானாக நிறுத்தக்கூடாது, வந்து சொல்லவேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்குக் கால் தளர்ந்தது. அதைக் கண்டுதானோ என்னவோ, அவர் மற்றப் பக்கத்தையும் சொன்னார். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. ஆபத்துக் கூட என்பதும் உண்மை, பெரும்பாலானோர் வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருப்பது கஷ்டம். எனக்கு இன்றைக்கும் சில நாள் ஒன்றுதான் நிற்கும். காரணப் பட்டியலை மனப்பாடம் பண்ணுவதாலும் பெரிய பலன் இல்லையாம். ஐம்பது வருடத்தில் வந்த 365 ஆய்வுகளைத் திரட்டி 2017இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. அந்தப் பட்டியலில் எந்தக் காரணத்தை வைத்தும் இன்னார் முயல்வார் என்று சொல்வது, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று அதில் கண்டார்கள். அதனால்தான் டொக்டர் பட்டியலை விட்டுவிட்டு, மடித்த தாளைக் கையில் எடுத்தார் என்று இப்போது விளங்குகிறது. பட்டியல் ஊருக்குப் பொது. அம்மாவின் போனை எடுக்காமல் விடுவது தம்பிக்கு மட்டும் உரியது.

அந்தத் தாளிலிருந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினோம். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த முறை அது. என்ன அடையாளம் தெரிந்தால் நிலைமை இறங்குகிறது என்று அர்த்தம், தனியே என்ன செய்து சமாளிக்கலாம், யாரோடு போய் இருக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த டொக்டருக்கு, எந்த இலக்கத்துக்கு எடுக்கலாம், வீட்டை எப்படி ஆபத்தில்லாமல் வைக்கலாம் என்று வரிசையாக அவனே தன் கையெழுத்தில் எழுதவேண்டும். தனியே செய்யக்கூடியது என்ற இடத்தில் "கீழ்க்கடையில் பிளேன்டீ" என்று எழுதினான். உதவிக்கு ஆள் என்ற இடத்தில் அக்கா, அக்கா, அக்கா என்று மூன்று வரியும் நான். டொக்டர் சிரித்துவிட்டு, "அக்காவும் நித்திரை கொள்ளவேணுமே" என்று இரண்டு வரியை வெட்டினார். அவன் நெடுநேரம் யோசித்து ஒரு பழைய கூட்டாளியின் பெயரையும், டொரொண்டோவில் இருக்கிற மச்சானின் பெயரையும் எழுதினான். அந்தத் தாள் இப்போது அவன் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. போனிலும் ஒரு படம் இருக்கிறது.

வீட்டை ஆபத்தில்லாமல் வைப்பது என்றதும் நான் வாதாடினேன். மனம் வைத்தவன் வேறு வழி தேடமாட்டானா என்று. அவர் இலங்கையின் கதையையே சொன்னார். 1995இல் இங்கே இலட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலையால் இறந்தார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த எண்ணிக்கைகளில் ஒன்று. பிறகு மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்ய, அந்த வீதம் மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. சனத்தின் துன்பம் குறைந்ததாலா? போர் நடந்துகொண்டு இருந்த காலம் அது. கைக்கு எட்டுவது மாறியது. அந்த வேகம் வந்து அடங்குகிற கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் எட்டாமல் இருந்தாலே பலர் தப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவன் மாத்திரையை நான் ஒபிஸ் லாச்சியில் பூட்டி வைத்து, கிழமைக் கணக்குக்கு மட்டும் கொண்டுவந்தேன். மற்றதையும் டொக்டர் சொன்னபடி செய்தேன். குளியலறைக் கொண்டியைத் திரும்பப் போட்டேன், அது அவன் கேட்டது. "எனக்கு வெட்கமா இருக்கு அக்கா" என்றான். அதைக் கழற்றியபோது எனக்கு அது தோன்றவே இல்லை.

அவர் போகிறபோக்கில் சொன்ன இன்னொரு விசயத்தை வீட்டில் வந்து தேடி வாசித்தேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் செய்த ஒரு ஆய்வு, 2008இல் வெளிவந்தது. ஐந்து இடங்களில் ஒன்று எங்கள் கொழும்பு, இன்னொன்று சென்னை. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். பாதிப்பேருக்கு வழமையான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு துண்டு வெட்டுகிற நேரத்தில் ஒரு மணித்தியாலம் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை ஒருவர் போன் எடுத்தோ நேரில் போயோ எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது. அவ்வளவுதான். முதல் குழுவில் 2.2 வீதத்தினர் தற்கொலையால் இறந்தார்கள், இரண்டாவதில் 0.2 வீதம். நான் கணக்குப் பிரிவு, இலக்கத்தை இரண்டு தரம் பார்ப்பேன், பார்த்தேன். அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது. எங்கள் ஊரிலேயே செய்து பார்த்த ஒன்று, எங்களுக்கு ஒரு போன்கூட வரவில்லை. சரி, கோபத்தை வைத்து என்ன செய்ய. நானே ஒழுங்கு செய்தேன். டொரொண்டோ மச்சான் ஒவ்வொரு சனியும் எடுப்பான், புத்தி சொல்லக்கூடாது என்று நிபந்தனை. அவன் பேசுவதெல்லாம் கிரிக்கெட்டும் பனியும். கூட்டாளி புதன்கிழமை பிளேன்டீக்கு வருவான். மாமா மாமியிடம் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்றேன். கோபித்தார்கள், இன்னும் பாதிக் கோபம்தான்.

காசு விசயத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் மனதைப் பற்றியே பேசிக்கொண்டு கடனை அப்படியே விட்டால் பிரயோசனம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சீஆர் கொப்பி ஒன்றை எடுத்து, அவனை வைத்துக்கொண்டே எல்லாக் கடனையும் எழுதினோம். ஏழு இடத்தில் வாங்கியது 120,000 ரூபா, வட்டியும் தண்டமுமாக நின்றது 340,000. அவன் மனதில் அது இதைவிடப் பல மடங்காக ஊதியிருந்தது, எழுதிக் கூட்டினதும் முதல்தரம் தோளைத் தளர்த்தினான். என் சங்கிலியை அடைவு வைத்து 230,000 எடுத்தேன், மூன்று இடத்தில் பேசித் தண்டத்தைக் குறைத்தோம். அழைப்புகளுக்கு ஆறு மாதம் நான்தான் பதில் சொன்னேன். அவர்கள் பேசுகிற விதத்தைக் கேட்டபோது, இவன் இதைத் தனியே எத்தனை மாதம் கேட்டிருப்பான் என்று நினைத்து ஒருநாள் பஸ்ஸிலேயே அழுதேன். இதோடு இருபத்துமூன்று நாள் சம்பளமில்லா லீவு, நான்கு தரம் தனியாரில் ஒரு டொக்டரைச் சனல் பண்ணிப் பார்த்த காசு. அந்தச் சனல் காசு வீண் என்பது என் அபிப்பிராயம். பத்து நிமிடத்தில் மாத்திரையை மாற்றி எழுதினார், முன்பு என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் வரிசை நீளம், ஆனால் அங்கே கொப்பி ஒன்று இருக்கிறது, அதில் 2017ம் இருக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மூன்றாம் மாதம் ஒபிஸில் ஒரு கணக்கை மூன்று தரம் பிழையாகப் போட்டேன், கழிவறையில் போய் நின்று மூச்சு வாங்கினேன். ஹோர்டன் பிளேஸில் சுமித்திரயோ இருக்கிறது, 1974இலிருந்து இயங்குகிறது, மனம் விட்டுப் பேச ஆள் இல்லாதவர்களுக்குக் காது கொடுக்கிற இடம். தம்பிக்காக என்றுதான் அங்கே போனேன். இருந்த பெண்மணி "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டா. அவனைப் பற்றி எழுதிக்கொண்டு போன துண்டு கையிலேயே கசங்கிப்போனது. காசு கேட்கவில்லை, புத்தி சொல்லவில்லை. அவனை உயிரோடு வைத்திருப்பது முழுக்க என் பொறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டு இருந்ததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் அது எவ்வளவு பெரிய எண்ணம் என்று எனக்கே பயமாக இருந்தது.

கடைசியாக அம்மா. தம்பிதான் சொல்லவேண்டும் என்றான். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பொங்கல் பானை கழுவிக் கவிழ்த்த பிறகு, கிணற்றடியில் வைத்து அவனே சொன்னான். நான் ஓடிப்போய்ப் பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் நின்றேன். அம்மா விழவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துத் துடைத்து நின்றா. பிறகு, "நீ கம்பஸில படிக்கேக்க அப்பிடிச் செய்த நாளில இருந்து எனக்கு ஒரு பயம்" என்றா. "அதுக்குத்தானே ஆறு மணிக்கு எடுக்கிறனான். குரலைக் கேட்டா எனக்குத் தெரியும்." டெங்கு என்று சொல்லவில்லை. ஆறு வருடத்தில் அந்தச் சொல் இல்லாமல் அவ அதைப் பேசியது அன்றைக்குத்தான்.

இப்போதும் ஆறு மணிக்கு எடுக்கிறா. சாப்பிட்டியா, மழையா, குளிச்சனியா. போன கிழமை ஒருநாள் ஆறரை ஆகியும் போன் வரவில்லை. தம்பி இரண்டு தரம் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே எடுத்து, "என்னம்மா, இண்டைக்கு எடுக்கேல்ல?" என்றான். அங்கே கரண்ட் இல்லையாம், போனில் சார்ஜ் இறங்கிவிட்டதாம், பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு இப்பத்தான் எடுக்க நினைத்தாவாம்.